எந்த ஆறு, மாமா?

எங்கள் ஆற்றுக்கு ஊருக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் எந்த ஊர்க்காரரும் தன் ஊரில் ஓடும்போது அதற்குத் தன் ஊர்ப் பெயரை வைப்பதில்லை. நிஜமான ஊர்ப் பெயர்களை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. அந்தப் பக்கம் முழுக்க எனக்குக் கொண்டான் கொடுத்தான்தான். மேலே இருப்பதை மேலூர் என்றும், எங்களுடையதை நடுவூர் என்றும், அடுத்ததைக் கீழூர் என்றும் வைத்துக்கொள்கிறேன். ஆட்களின் பெயர்களும் வேண்டாம். தெரிந்தவர்களுக்குப் படித்ததும் தெரிந்துவிடும். எனக்கு அது போதும்.

ஆந்திராவில் புத்தூருக்குக் கிழக்கே மலைக்குள் கோனை என்று சொல்கிற ஒரு பள்ளத்தில் அது பிறக்கிறது. மூன்று ஊரைத் தாண்டி, எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போய் ஒரு பெரிய ஆற்றில் விழுந்துவிடும். கரையோரமாக நடந்தால் ஒரு பகலில் ஆற்றை முடித்துவிடலாம். ஐப்பசியில் தண்ணீர் வரும், தை முடிவதற்குள் நின்றுவிடும். மற்ற மாதங்களில் அது மணலும் வேலிக்கருவையும்தான்.

பெயர் விஷயத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் இதுதான். தண்ணீர் எந்த ஊரிலிருந்து வருகிறதோ அந்த ஊரின் பெயர்தான் ஆற்றுக்கு. கோனையிலிருந்து வருவதால் மேலூர்க்காரர்களுக்கு அது கோனை ஆறு. மேலூரிலிருந்து வருவதால் எங்களுக்கு அது மேலூர் ஆறு. நடுவூர் ஆறு என்று ஒன்று உண்டு, ஆனால் அது நடுவூரில் இல்லை. எங்களைத் தாண்டிப் போன பிறகு கீழூர்க்காரர்கள் அதை அப்படிச் சொல்வார்கள். எங்கள் ஊரில் ஒருவர் நடுவூர் ஆற்றங்கரைக்குப் போய்வருகிறேன் என்று சொன்னால் அவர் கீழூருக்குப் போகிறார் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சர்க்கார் கணக்கு மட்டும் வேறு. எந்த ஊர் எல்லைக்குள் ஓடுகிறதோ அந்த ஊர்ப் பெயரை வைத்து எழுதியிருக்கிறார்கள். எங்கள் எல்லைக்குள் ஓடுவது அவர்கள் காகிதத்தில் நடுவூர் வங்கா. வங்கா என்றால் தெலுங்கில் சின்ன ஆறு. அந்தக் காகிதம் மண்டல ஆபீஸ் பீரோவுக்குள் இருந்தது. அதைப் பார்த்தவர் எங்கள் ஊரில் ஒரே ஒருத்தர்.

அவர் என் மாமா. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அவரை நான் முப்பது வருஷத்துக்கு மேல் வெறுத்தேன். இப்போதும் வெறுக்கிறேன்.

ஆறு எங்கள் ஊருக்குள் நுழைந்ததும் ஒரு மணல் திட்டில் முட்டி இரண்டாகப் பிரியும். வடக்குக் கால் அகலமானது, ஊருக்கு அந்தப் பக்கமாகப் போகும். தெற்குக் கால் குறுகல், எங்கள் கழனியை உரசிக்கொண்டு போய்க் கீழே மறுபடி வடக்குக் காலோடு சேரும். எங்கள் கழனி ஒன்றரை ஏக்கர். கரும்பு போட்டிருந்தோம். தெற்குக் காலை ஒட்டி நைனா, என் அப்பா, ஒரு கிணறு வெட்டியிருந்தார். மற்றவர்கள் கிணறு சித்திரையில் வற்றினாலும் எங்கள் கிணற்றில் மோட்டார் போட்டால் தண்ணீர் வரும். ஆறு வற்றிய பிறகும் மணலுக்கு அடியில் அது எங்கள் பக்கம் ஊறிக்கொண்டிருந்தது.

நான் அப்போது திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி டீச்சர் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். மே மாதம் லீவில் வீட்டுக்கு வந்திருந்தேன். ஒருநாள் காலையில் கழனியோரத்தில் இருந்த எங்கள் வீட்டு வாசலுக்கு ஜீப் வந்தது. உள்ளே ஒரு ஆபீசர், பக்கத்தில் மாமா. எங்கள் ஊரில் தெலுங்கில் ஆபீஸ் பேச்சுப் பேசத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் எந்த ஜீப் வந்தாலும் அவரை ஏற்றிக்கொண்டுதான் வரும். ஆற்றுக்கு நடுவே இருக்கும் திட்டைப் பயிர் வைக்கத் தனக்குக் கொடுக்கிறார்கள் என்றும், பக்கத்துக் கழனிக்காரர் என்ற முறையில் நைனா ஒரு கைநாட்டு வைக்க வேண்டும் என்றும் மாமா சொன்னார். திட்டு என்றுதான் சொன்னார். மனுவில் தெற்குக் காலையும் சேர்த்துத் தரிசு என்று எழுதியிருந்தது எங்களுக்குத் தெரியாது.

ஆபீசர் வேப்பமரத்து நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் மோர் கொண்டுவந்தேன். அவர் நாலடி நடந்திருந்தால் மணல் தெரிந்திருக்கும். நடந்தாலும் மே மாதத்தில் அவருக்கு அது ஆறாகப் பட்டிருக்காது என்பதும் நிஜம்தான். சொம்பை வாங்கிக்கொண்டே மாமாவிடம் கேட்டார்: "ஈயன பொலம் பக்கன ஏரு போதுந்தா?"

இவர் நிலத்துக்குப் பக்கத்தில் ஆறு போகிறதா. அவ்வளவுதான் கேள்வி. ஊர்ப் பெயர் எதுவும் அதில் இல்லை.

மாமா நைனா பக்கம் திரும்பினார். "நடுவூர் ஆறு உன் கயினி ஓரமா போவுதான்னு கேக்கறாரு, மாப்ள."

நைனா சிரித்துவிட்டார். "நடுவூர் ஆறு நம்மூர்ல எங்க போவுது மச்சான்? அது கீழூர்லதான கீது."

மாமா ஆபீசரிடம், "லேதண்ட்டாடு சார்" என்றார். இல்லை என்கிறான் சார். ஆபீசர் எழுதினார். நைனாவுக்குப் படிப்பு இல்லை. மாமா அவருடைய இடது கட்டை விரலைப் பிடித்து மையில் தோய்த்துக் காகிதத்தில் உருட்டினார். பிறகு சாட்சி என்று கீழே தன் கையெழுத்தைப் போட்டார். கொக்கி கொக்கியாக, மூன்று சுழி வைத்த கையெழுத்து. அதில் அவருக்கு ஒரு பெருமை. கைநாட்டு வைக்கிறவர்களைப் பார்த்தால் அவர் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து போகும். அன்றும் வந்தது.

இரண்டு கேள்வியும் என் காதில் விழுந்தது. எனக்கு இரண்டு மொழியும் தெரியும். ஆபீசர் ஊர்ப் பெயர் சொல்லவில்லையே, மாமா ஏன் சேர்த்தார் என்று சுருக்கென்று பட்டது. ஆபீஸ் வழக்கம் அவருக்குத் தெரியும், நமக்கென்ன தெரியும் என்று சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். படித்தவள் என்று வீட்டில் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு நான் அன்று சொம்பு கழுவினேன்.

புரட்டாசியில் மாமாவின் டிராக்டர் வந்தது. ஆறு பிரிகிற இடத்தில், தெற்குக் காலின் வாயில், ஆள் உயரத்துக்கு மேல் மண்ணைக் கொட்டிக் கரை கட்டினார்கள். காலுக்குள் இருந்த வேலிக்கருவையைப் பிடுங்கி, மேடு பள்ளத்தைச் சமன் செய்து, மாங்கன்று வைத்தார்கள். நைனா ஓடிப்போய்க் கத்தினார். மாமா கத்தவில்லை. மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினாராம்.

"இன்னாத்துக்குக் கத்தற மாப்ள? ஆறு இல்லன்னு நீதான சொன்ன. உன் கட்ட வெரலு தான இது."

அந்த வருஷம் ஆறு வடக்குக் காலில் மட்டும் போனது. மறு வருஷம் எங்கள் கிணற்றில் தண்ணீர் இரண்டு ஆள் ஆழம் இறங்கியது. அதற்கடுத்த கோடையில் அடியில் சேறு மட்டும் இருந்தது. கரும்பு நின்ற இடத்திலேயே காய்ந்தது. நைனா மாம்பழக்கூழ் பேக்டரியில் சீசனுக்கு மூட்டை இறக்கப் போனார். நாலைந்து வருஷம் கழித்து மாமாவின் தோப்பு காய்ப்புக்கு வந்தபோது, அந்தப் பழமும் அதே பேக்டரிக்குத்தான் போனது. ஆற்றில் விளைந்த பழத்தை நைனா முதுகில் சுமந்து இறக்கினார். அவரை அந்தக் கோலத்தில் ஒருநாள் பேக்டரி கேட்டில் நின்று பார்த்தேன். அன்றைக்குத்தான் தீர்மானம் பண்ணினேன், இதை விடக் கூடாது என்று.

சாகும் வரைக்கும் நைனா என்னிடம் கேட்டது ஒன்றுதான். "நான் இன்னா பொய்யா சொன்னேன்?" இல்லை நைனா என்பேன். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. எங்கள் ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள். அதைத் தெரிந்துதான் அந்தக் கேள்வியை அப்படிக் கேட்டார் மாமா. இப்படிப்பட்ட திருட்டை வெளியூர்க்காரனால் செய்திருக்க முடியாது.

வேலை கிடைத்ததும் ஒருமுறை என் பெயரிலேயே மனு கொடுத்துப் பார்த்தேன். மண்டல ஆபீசில் பழைய பைலை எடுத்துப் புரட்டிவிட்டு, "மீ நாயனே செப்பினாடு கதம்மா" என்றார்கள். உங்க அப்பாவே சொல்லியிருக்கிறாரே அம்மா. நைனாவின் கட்டை விரல் என் முகத்துக்கு நேரே இருந்தது. அன்று படியிறங்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. இதை உடைக்க எனக்கு வேண்டியது ஒரே ஒரு காகிதம். அங்கே ஆறு ஓடுகிறது என்று மாமா தன் வாயால் சொல்லி, அதன் கீழே தன் கையை வைத்த காகிதம்.

அதற்காகக் காத்திருந்தேன். மாமாவோடு பேச்சை நான் நிறுத்தவில்லை, அதுதான் என் கெட்டிக்காரத்தனம். அவர் மகள் கல்யாணத்தில் வரிசைத் தட்டு எடுத்துப் போனேன். அவர் மனைவிக்கு உடம்பு சரியில்லாதபோது ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கூட இருந்தேன். அவர் வீட்டுக் கல்யாணச் சாப்பாடு, காதுகுத்துச் சாப்பாடு எல்லாம் சாப்பிட்டேன். மாம்பழம் மட்டும் தொடமாட்டேன். சர்க்கரை இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். எனக்குச் சர்க்கரை இல்லை. அந்தப் பொய்யை இருபது வருஷம் சொன்னேன், ஒருநாளும் உறுத்தவில்லை.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தேன். தெலுங்கில் அர்ஜி எழுதுவதில் தேறினேன். மனுவைத்தான் எங்கள் பக்கம் அர்ஜி என்போம். ரேஷன் கார்டு, பென்ஷன், கரண்ட் கம்பம், எது வேண்டுமானாலும் ஊரில் என்னிடம்தான் வருவார்கள். வீட்டிலேயே முத்திரை மை டப்பா ஒன்று வைத்திருந்தேன். என்றாவது ஒருநாள் மாமாவும் வருவார் என்ற நினைப்பு அதில் இருந்தது. ஆனால் அவருக்கு நன்றாக எழுத வரும், கையெழுத்து வேறு அழகு. வருஷங்கள் போயின. நான் ரிட்டயர் ஆனேன். மாமா செத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் எனக்கு வர ஆரம்பித்தது. கோயிலுக்குப் போனால் அவருக்கு நீண்ட ஆயுசு வேண்டிக்கொண்டு வருவேன்.

பிறகு அந்தப் புயல் மழை வந்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலை பத்து மணி வாக்கில், கோனையிலிருந்து வந்த தண்ணீர் தெற்குக் காலின் வாயில் இருந்த மண்கரையைப் பிய்த்துக்கொண்டு பழைய வழியிலேயே இறங்கியது. நான் மாடியில் நின்று பார்த்தேன். மூன்று வரிசை மாமரம் வேரோடு சாய்ந்து போனது. சந்தோஷத்தில் ஒவ்வொன்றாக எண்ணினேன். மாமா மோட்டார் ஸ்டார்ட்டரைக் கழற்ற ஓடியவர் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். தண்ணீர் வடிந்ததும் புத்தூருக்குக் கூட்டிப்போய் எலும்புக் கட்டு போட்டு வந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் என் வீட்டுக்கு வந்தார். முழங்கை வரை மூங்கில் தப்பை வைத்துத் துணி சுற்றிய கட்டு. பச்சிலையும் முட்டையும் கலந்த வாடை வீடு முழுக்க அடித்தது.

"பாப்பா, ஒரு அர்ஜி எழுதிக் குடு. கையி இப்டி கீது. பையன் மெட்ராஸ்லேருந்து வர ரெண்டு நாளு ஆவும். வெள்ளச் சேத லிஸ்ட்ட இன்னிக்கோட மூடறாங்களாம்."

உட்காரச் சொன்னேன். காபி போட்டுக் கொடுத்தேன். அவருக்கு இடது கையில் டம்ளர் பிடித்துப் பழக்கமில்லை, வேட்டியில் கொஞ்சம் சிந்தியது. பேப்பர் எடுத்துக்கொண்டேன்.

"நீ சொல்லு மாமா. சொல்றபடியே எழுதறேன்."

"ஆறு வந்து தோப்ப அடிச்சிகினு போச்சின்னு எழுது."

இந்தக் கேள்வியை நான் எத்தனையோ வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். கேட்கும்போது குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"எந்த ஆறு, மாமா?"

லூசைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "எந்த ஆறா? மேலூர் ஆறு. நம்மூர்ல வேற எந்த ஆறு ஓடுது?"

"மேலூர் ஆறுன்னு எழுதினா மேலூர்ல ஓடறதுன்னு நெனச்சிப்பாங்க. ஆபீஸ் கணக்குல நம்மூர்ல ஓடறதுக்கு நடுவூர் வங்கான்னு பேரு. அப்டியே எழுதட்டா?"

வேண்டுமென்றேதான் சொன்னேன். அவர் தப்பித்துக்கொள்ள ஒரு வாசலைத் திறந்து வைத்தேன். அவர் எங்களிடம் செய்த திருட்டையே அவர் முகத்துக்கு நேரே எடுத்துச் சொல்கிறேன், புரிந்தால் எழுந்து போகட்டும். ஒரு நிமிஷம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மணியைப் பார்த்தார்.

"எழுது, எழுது. லிஸ்ட்ல பேரு வந்தா சரி."

"எத்தினி நாளா இந்த வழியா ஓடுது?"

"அது எங்க தாத்தா காலத்துலேருந்து ஓடற வழிம்மா. மழத்தண்ணி தேங்கிச்சின்னு சொல்லித் தள்ளிடப் போறாங்க. நல்லா அழுத்தமா எழுது."

அழுத்தமாக எழுதினேன். நடுவூர் வங்காவின் தெற்குக் கால் என் தோப்பு இருக்கும் சர்வே நம்பர் வழியாகத் தலைமுறைகளாக ஓடுகிறது, அந்த வெள்ளத்தில் என் மரங்கள் போயின என்று. அவர் சொல்லாத ஒரு எழுத்தைக்கூட நான் சேர்க்கவில்லை. தெலுங்கில் ஒருமுறை வாசித்துக் காட்டினேன், தமிழில் ஒருமுறை சொன்னேன். சரி சரி என்று தலையாட்டினார். பிறகு மை டப்பாவைத் திறந்து, அவருடைய இடது கட்டை விரலை என் கையால் பிடித்து, தோய்த்து, காகிதத்தில் உருட்டினேன். சில்லென்று இருந்தது அந்த விரல். வாழ்க்கையில் அவர் வைத்த முதல் கைநாட்டு அதுதான் என்று நினைக்கிறேன். துணி கொடுத்துத் துடைத்துக்கொள்ளச் சொன்னேன்.

நகரி பஸ் ஸ்டாண்டில் இரண்டு ஜெராக்ஸ் எடுத்தேன். அசலை அவருக்காக லிஸ்ட் எழுதுகிறவர்களிடம் கொடுத்து ரசீதும் வாங்கிக்கொண்டேன். ஒரு ஜெராக்ஸை என் அர்ஜியோடு சேர்த்துத் தாசில்தாரிடம் கொடுத்தேன். ஓடுகிற ஆற்றைத் தரிசு என்று எழுதி வாங்கியிருக்கிறார், அங்கே ஆறு உண்டு என்பதை அவரே ஒப்புக்கொண்ட காகிதம் இதோ, பழைய வரைபடத்தைப் பார்த்து அளந்து ஆற்றை ஆற்றுக்கே விடுங்கள் என்று.

அளக்க வருவதற்குள் பொங்கல் முடிந்துவிட்டது. மண்டல சர்வேயர் ஒரு இளம் பெண். தோளில் கருவியும், கையில் பழுப்பேறிய பெரிய வரைபடமும் வைத்திருந்தாள். ஊரில் பாதிப் பேர் தோப்பில் கூடிவிட்டார்கள். வரைபடத்தில் ஆறு இரண்டு காலாகப் பிரிவது பளிச்சென்று இருந்தது. மாமாவுக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள், கை மட்டும் கொஞ்சம் சூம்பியிருந்தது. சர்வேயர் அவருடைய அர்ஜியை எல்லார் முன்னாலும் வாசித்தாள்.

"அத எழுதினது அவ" என்று என்னைக் காட்டினார் மாமா.

"வேலிமுத்ரா மீதே கதா?" என்றாள் அவள். கைரேகை உங்களுடையதுதானே?

மாமா தன் கட்டை விரலைப் பார்த்தார். நான் என்னை மறந்து நின்றேன். நைனா இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

வடக்குப் பக்கத்திலிருந்து அளந்துகொண்டு வந்தாள். தோப்பில் பாதிக்கு மேல் ஆற்றுக்குள் வந்தது. குறி வைத்த இடத்திலெல்லாம் சுண்ணாம்பு போட்டார்கள். கூடியிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். பிறகு ஆற்றின் தென் எல்லை. எங்கள் வரப்போடு கருவி நின்றுவிடும் என்று நினைத்தேன். அவள் வரப்பைத் தாண்டினாள். நைனாவின் மோட்டார் கொட்டகையைத் தாண்டினாள். கிணற்றைச் சுற்றிக்கொண்டு போய், அதற்குப் பின்னால் ஏழெட்டு அடி தள்ளி நின்று, இங்கே என்று கையைக் காட்டினாள். எங்கள் கிணறு முழுசாக ஆற்றுக்குள் இருந்தது.

அப்போதுதான் மாமா சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அது முதல் தடவை. என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"உங்க நைனாவ ஏமாளின்னு நெனச்சிகினு கீற, இல்ல பாப்பா? இந்தக் கெணறு வெட்டறப்ப நானும்தான் கூட மண்ணு செமந்தேன். ஆத்துலதான் வெட்டறோம்னு அவனுக்குத் தெரியும். ஆறு கீதுன்னு எழுதினா கெணறு போயிடும்னும் தெரியும். நான் கேட்ட கேள்விக்கு அவன் தெரிஞ்சிதான் சிரிச்சான். நான் தெக்குக் கால் வாயை இப்டி அடைப்பேன்னுதான் அவன் நெனைக்கல."

அவரை அடிக்கலாம் போல இருந்தது. பொய் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் நைனா சிரித்தது எனக்கு நினைவுக்கு வந்துவிட்டது. மோர்ச் சொம்போடு நின்ற என் காதில் விழுந்த அதே சிரிப்பு. கேள்வி விளங்காதவன் சிரிக்கிற சிரிப்பா அது, விளங்கினவன் சிரிக்கிற சிரிப்பா? முப்பது வருஷம் அதை ஒரு பக்கமாகவே கேட்டுக்கொண்டிருந்துவிட்டேன்.

சர்வேயர் பேப்பரோடு என்னிடம் வந்தாள். "மேடம், ஈ பாவி எவரிதி?" இந்தக் கிணறு யாருடையது?

மாமா மறுபடி குனிந்தார். குரலில் இப்போது கெஞ்சல் இருந்தது. "ஆட்சேபணன்னு ஒரு வார்த்த சொல்லு. பரம்பரையா எங்களுதுன்னு எழுதிக் குடு. இந்த அளக்கற வேலையே நின்னுடும். உன் கெணறும் நிக்கும், என் தோப்பும் நிக்கும். உங்க நைனா பேரும் நிக்கும்."

அவர் சொன்னது சரிதான், எனக்கும் தெரியும். ஒரே வார்த்தை. சொன்னால் பைல் திரும்பவும் பீரோவுக்குள் போய்விடும், நாங்கள் இரண்டு குடும்பமும் ஆற்றைப் பங்கு போட்டுக்கொண்டு சொந்தக்காரர்களாக இருக்கலாம். சொல்லாவிட்டால், ஆற்றுக்குள் கிணறு வெட்டியவர் என்று நைனாவின் பெயரும் அதே காகிதத்தில் ஏறும். நைனாவுக்காகத்தான் இதையெல்லாம் செய்தேன். நைனாவா மாமாவா என்று வந்தபோது, மாமா தோற்பதைத்தான் நான் அதிகமாக விரும்பினேன். இதை மாற்றிச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

இந்த முறை நடுவில் நின்று மொழிபெயர்க்க யாரும் இல்லை.

"ஏட்டிதே" என்றேன். ஆற்றினுடையதுதான்.

பேப்பரை வாங்கி முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

மாசியில் ஜேசிபி வந்து மீதி மண்கரையை வாரியது. மரங்களை எடுத்தார்கள். இரண்டு பக்கமும் எல்லைக்கல் நட்டார்கள், ஒன்று எங்கள் கிணற்றுக்குப் பின்னால். ரோட்டுப் பாலத்தின் சுவரில் ஆற்றின் பெயரை எழுத வேண்டும் என்று நின்று எழுதவைத்தேன். தெலுங்கில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாக, நடுவூர் ஆறு. போகிற வருகிறவர்கள் எல்லாம் சிரித்தார்கள். கீழூர் ஆற்றின் பெயரைக் கொண்டுவந்து டீச்சர் இங்கே எழுதியிருக்கிறாள், வயசாகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும். இனிமேல் அந்தக் கேள்வியை யாரும் யாரிடமும் அப்படிக் கேட்க முடியாது.

மாமா இப்போது என் தெரு வழியாக வருவதில்லை. கடைத்தெருவில் எதிரே வந்தால் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு போகிறார். மகன் வீட்டுக்கே போய்விடப் போவதாகக் கேள்வி. அவர் முகத்தைத் திருப்பும்போதெல்லாம் எனக்கு அன்று பூராவும் சோறு நன்றாக இறங்குகிறது. போன ஐப்பசியில் கோனையிலிருந்து தண்ணீர் வந்து திட்டில் முட்டி, ஒருவரும் சொல்லாமலே இரண்டாகப் பிரிந்தது. தெற்குக் கால் பழைய தடத்தில் இறங்கி, எல்லைக்கல்லை நனைத்துக்கொண்டு போனது.

நைனாவின் கிணறு வாய் வரைக்கும் நிரம்பியிருக்கிறது. தினம் காலையில் போய்ப் பார்க்கிறேன். "நான் இன்னா பொய்யா சொன்னேன்?" என்று அவர் கேட்டபோதெல்லாம் இல்லை என்று பதில் சொன்னவள் நான். ஒருமுறைகூட அவர் முகத்தைப் பார்த்து, நிஜமாகவே தெரியாதா நைனா என்று நான் திருப்பிக் கேட்டதில்லை. கேட்டிருக்கலாமே என்று இப்போது இருக்கிறது. குடத்தை எடுத்துக்கொண்டுதான் போகிறேன், இதுவரை ஒரு குடம்கூட அதிலிருந்து மொண்டு வரவில்லை.